கொன்றைக்கு ஜாமீன்

இலஞ்சி,
28.3.79

அன்புள்ள வடிவுக்கு,

சுரண்டைக்கு வந்து திரும்பிப் பத்து நாள் ஆகிறது. அன்றைக்கு உன் அண்ணன் வீட்டு வாசலில் எனக்கு நாற்காலி போட்டார்கள். உன் மதினி காப்பி கொடுத்தாள், மிக்சர் கொடுத்தாள். "அவளுக்குத் தலைவலிண்ணே, படுத்திருக்கா" என்றாள். தலைவலி என்று நான் நம்பவில்லை. நீ பீடி இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம் உள்ளறையிலிருந்து நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம். அதற்கு இன்லண்டு லெட்டர் எழுதுகிறேன். பட்டாளத்தில் இருந்தபோது லடாக்கிலிருந்து எழுதினால் உனக்கு வந்து சேரப் பதினெட்டு நாள் ஆகும். ஆனாலும் நீ மறுதபாலில் பதில் போட்டுவிடுவாய். இப்போது சுரண்டைதான் எனக்கு லடாக்கைவிடத் தூரமாக இருக்கிறது.

தோட்டத்தைப் பற்றி எழுதலாமா கூடாதா என்று மூன்று நாளாக யோசித்தேன். வேறு எதைப் பற்றி எழுத? வீட்டுக்குள் எழுதும்படியாக ஒன்றுமில்லை. அடுப்பு பற்றவைப்பது காலையில் ஒரு தடவைதான். மத்தியானம் பாங்கு வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறேன், அங்கேயே பொட்டலச் சோறு.

தோட்டம் பங்குனியை மறக்கவில்லை. மந்தாரை இலையை எல்லாம் உதறிவிட்டு ஊதா நிறத்தில் நிற்கிறது. தேன்சிட்டு ஒன்று விடிந்ததும் வந்துவிடுகிறது, நமக்கு முன்னால் டியூட்டிக்கு வந்த மாதிரி. புங்கை மரத்தடியில் பொரி கொட்டினது போலப் பூ. நீ இருந்தால் தினமும் கூட்டித் தள்ளுவாய். நான் கூட்டவில்லை, மிதிக்காமல் சுற்றிப் போகிறேன். நாரத்தை பூத்து, கிணற்றடியில் வாளியை இறக்கும்போதே வாசம் மூக்கில் ஏறுகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் யாராவது உன்னிடம் சொல்லுவார்கள், அது இன்னும் தப்பு. சரக்கொன்றை மொக்கு விட்டிருக்கிறது. பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்த வருஷம் குற்றாலத்தில் வாங்கி நட்ட கன்று. ஏழு வருஷமாக ஒரு பூ காட்டாதது, இப்போது கிளைக்குக் கிளை சரம் விட்டுத் தொங்குகிறது. விசுவுக்குள் விரிந்துவிடும்.

சித்திரை விசுவுக்கு வா. நான் வந்து கூட்டிவரவேண்டுமானால் வருகிறேன். வாசலில் நாற்காலிகூட வேண்டாம், நின்றுகொள்கிறேன்.

சொரிமுத்து


சுரண்டை,
3.4.79

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. மந்தாரைக்கு இடம் இருக்கிறது, புங்கைக்கு இருக்கிறது, நாரத்தைக்கு இருக்கிறது, வந்து போகிற தேன்சிட்டுக்குக்கூட ஒரு வரி இருக்கிறது. குழல்வாய்மொழி என்று ஒரு பிள்ளை அந்தத் தோட்டத்தில் ஏழு வருஷம் ஓடியாடினாள். அவளுக்கு உங்கள் கடிதத்தில் இடமில்லை. திருப்பித் திருப்பித் தேடிப் பார்த்தேன். ஒட்டுகிற மடிப்பில்கூட இல்லை.

நீங்கள் எழுதமாட்டீர்கள், நான் எழுதுகிறேன்.

போன வருஷம் மாசி கடைசி வெள்ளிக்கிழமை. பூக்காத மரத்தை மிரட்டுவது ஊரெல்லாம் செய்கிறதுதான், அதை நான் தப்பென்று சொல்லவில்லை. ஒருவர் கோடாரியை ஓங்கி, பூக்காத மரம் எதற்கு, வெட்டுகிறேன் என்பார். இன்னொருவர் குறுக்கே வந்து, வெட்டாதீர்கள், வருகிற வருஷம் பூக்கும், நான் ஜாமீன் என்பார். ஆனால் ஜாமீன் நிற்கிறவர் அடுத்த வீட்டு ஆளாக இருக்கவேண்டும். அந்த வீட்டு ஆள் நிற்கக் கூடாது. நின்றால் மரம் ஜாமீனை எடுத்துக்கொள்ளும். இது உங்களுக்குத் தெரியாததா? நெல்லிக்கும் மாமரத்துக்கும் பக்கத்து வீட்டு சைதூன் அக்காதானே நின்றாள்? அன்றைக்கு அவள் மகள் பிரசவத்துக்காகக் கடையநல்லூர் போயிருந்தாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கலாம். பட்டாளத்துக்காரருக்குத் தேதி தப்பக் கூடாது.

மொழி அந்த மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வெட்டாதிய அப்பா, வாற வருசம் பூக்கும், நான் ஜாமீன்" என்று சொன்னாள். நீங்கள் கோடாரியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தீர்கள். கார்த்திகையில் காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் அவள் போனாள். பங்குனியில் மரம் மொக்கு விட்டிருக்கிறது என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

அந்த மரத்தை வெட்டிவிடுங்கள். மொக்கு விரிவதற்கு முன்னால் வெட்டுங்கள். வெட்டியாயிற்று என்று ஒரு கார்டு போட்டால் போதும், அடுத்த பஸ்ஸில் வந்துவிடுகிறேன். சத்தியமாக வருகிறேன். அது நிற்கிறவரை அந்தப் படலைத் திறந்துகொண்டு நான் உள்ளே நுழையமாட்டேன்.

வடிவம்மாள்


இலஞ்சி,
9.4.79

அன்புள்ள வடிவுக்கு,

மொழி பெயரை எழுதவில்லை என்று கோபித்திருந்தாய். எழுதத்தான் பார்த்தேன். அந்த இடம் வந்ததும் கை ஓடவில்லை. மூன்று இன்லண்டு லெட்டர் வீணான பிறகு, அந்த வரியை விட்டுவிட்டு நாலாவதை அனுப்பினேன். இப்போது எழுதிவிட்டேன். மறுபடி எழுதச் சொல்லாதே.

மூளைக் காய்ச்சல் என்று திருநெல்வேலியில் டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய். அந்த ஐப்பசி கார்த்திகை மழையில் நம் தெருவில் மட்டும் மூன்று வீட்டில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். எதிர்வீட்டுக் கடற்கரையண்ணன் மகனும் அந்த வாரம்தான் போனான். கடற்கரை வீட்டில் ஒரு முருங்கை தவிர மரமே கிடையாது. அந்தப் பையன் எதற்கு ஜாமீன் நின்றான்? இதை உன்னோடு வாதாட எழுதவில்லை. நீ ஒரு தடவை நிதானமாக யோசிக்கவேண்டும் என்று எழுதுகிறேன்.

வெட்டச் சொல்லுகிறாய். என்னால் முடியாது வடிவு. ஏழு வயசில் பிள்ளைகள் ஆயிரம் சொல்லும், சாயங்காலம் மறந்துவிடும். இதை அவள் மறக்கவில்லை. ஆடி மாதம், ஆவணி மாதம் எல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பையை வைப்பாள். "நான் சொல்லிட்டேம்லா, அது பூக்கும்" என்பாள். பெரிய மனுஷி மாதிரி அவள் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான். மரம் அதைக் காப்பாற்றிவிட்டது. இப்போது நான் வெட்டினால் என் பிள்ளையை நானே பொய் சொன்னவளாக ஆக்குகிறேன்.

நேற்று முந்தாநாள் விரிய ஆரம்பித்தது. மேலே காம்போடு ஒட்டின பூதான் முதலில் விரிகிறது, அப்புறம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வருகிறது. நுனியில் இன்னும் மொக்குதான். இலையே தெரியவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு சைக்கிளை நிறுத்திவிட்டு, கட்டிலை அதன் அடியில் போட்டு உட்காருகிறேன். வெயில் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரம் மரம் முழுக்க மஞ்சள், தரை மஞ்சள், என் காக்கிச் சட்டைகூட மஞ்சளாகிவிடுகிறது. நன்றாக இருக்கிறது. உன்னிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. நாள் முழுவதும் பிணம் மாதிரி நிற்கிறவன், அந்த ஒரு மணி நேரம் மனுஷனாக இருக்கிறேன்.

நீ வந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்புறமும் வெட்டு என்று சொல். அப்போது பார்க்கலாம்.

சொரிமுத்து


சுரண்டை,
15.4.79

அத்தானுக்கு,

நேற்று விசு. எனக்கு எதுவும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். மதினி கேட்கவில்லை. விடியற்காலையில் என் கண்ணைப் பொத்திக் கூட்டிக்கொண்டு போய் விசுக்கனித் தட்டின் முன்னால் உட்காரவைத்துக் கையை எடுத்தாள். கண்ணாடி, பச்சரிசி, மாம்பழம், ஒரு கொத்து கொன்றைப்பூ. கண்ணாடியில் என் முகமும் அந்தப் பூவும் ஒன்றாகத் தெரிந்தது. வருஷத்தின் முதல் காட்சி எனக்கு அது.

பூ எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "தென்காசி பஸ்ஸுல ஒரு ஆச்சி கொண்டாந்து வித்தா" என்றாள். தென்காசியில் எத்தனையோ கொன்றை இருக்கும். எனக்குத் தெரிகிறது. ஆனாலும் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்துபோய்க் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். மதினி பாவம், நல்ல நாளில் அழுதுவிட்டாள்.

நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் போய் ஐந்து மாதம் முடியவில்லை. ஒரு அப்பன் மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டு நன்றாக இருக்கிறது என்கிறான். எனக்கு உப்பு உறைப்பு தெரியவில்லை. பீடிக் கட்டு எண்ணும்போது இடையில் எண்ணிக்கை விட்டுப்போகிறது. உங்களுக்கு எந்தப் பூ முதலில் விரிகிறது என்று பார்க்கக் கண் இருக்கிறது.

அவள் வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்கிறீர்கள். காப்பாற்றுங்கள். மரத்தை வெட்டுகிறவரை எனக்குக் கடிதம் போடவேண்டாம். நீங்களும் வரவேண்டாம்.

வடிவம்மாள்


குற்றாலம்,
12.7.79

வடிவுக்கு,

கடிதம் போடாதே என்றாய். அதனால் இது கார்டு. தபால்காரர் படித்தாலும் பரவாயில்லை.

இன்றைக்கு பாங்கில் எல்லோரும் குளிக்கக் கிளம்பினார்கள், என்னையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். சீசன் நன்றாக இருக்கிறது. மெயினருவியில் ஒருத்தி தன் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது வழுக்கி வழுக்கி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் குளிக்கத் தோன்றவில்லை. துண்டைத் தோளில் போட்டபடி கடைத்தெருவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கொன்றையில் பூ முடிந்துவிட்டது. இப்போது மரத்தில் காய்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சொ.


இலஞ்சி,
24.2.80

அன்புள்ள வடிவுக்கு,

கார்டுக்குப் பதில் வராது என்று தெரியும். அதற்கு அப்புறம் தீபாவளிக்கு ஒன்று, அவள் வருஷத் திதிக்கு ஒன்று எழுதினேன். இரண்டும் உன் அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது என்று உன் அண்ணன் தென்காசியில் பார்த்தபோது சொன்னார். "நான் என்ன செய்ய மாப்ள, வாயைத் திறந்தா அழுதா" என்றார். இதை மட்டும் பிரிப்பாய் என்று, உறைமேலே கொன்றை விஷயம் என்று எழுதியிருக்கிறேன்.

நான் தோற்றுவிட்டேன். ஒரு வருஷத்துக்கு மேலே ஒருத்தன் தனியாக ஒரு வீட்டில் இருந்து பார்க்கட்டும், அப்போது தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை விறகு வெட்டுகிற மாடனைக் கூட்டிவந்தேன். மரம் இப்போது இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கிறது, வெட்டுவதானால் இதுதான் நேரம். மாடன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். "அண்ணாச்சி, இது போன வருசம் பூத்த மரம்லா. பூத்த மரத்துல கை வைக்க முன்ன வீட்டுல பொம்பளையாளு ஒரு வார்த்த சொல்லணும். மதினிய வரச்சொல்லுங்க" என்றான். அவள் சொல்லித்தான் கூட்டிவந்தேன் என்றேன். "அவிய வாயால கேக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கோடாரியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் போனதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

ஆனால் இது இப்படியே போகக் கூடாது. நீ வேண்டுமா மரம் வேண்டுமா என்று கேட்டால், நீதான் வேண்டும். இதை நான் போன வருஷமே எழுதியிருக்கவேண்டும். உன் கையால் இன்னொரு தடவை வெட்டு என்று எழுது. மாடனிடம் அதைக் காட்டுகிறேன். அவன் மாட்டேன் என்றால் நானே வெட்டுகிறேன்.

சொரிமுத்து


சுரண்டை,
11.3.80

அத்தானுக்கு,

வெட்டு என்று எழுதப் பேனாவை எடுத்துப் பத்து நாள் ஆகிறது. அந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் அடுக்களையில் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மொழி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மாவு தா மாவு தா என்று நச்சரித்தாள். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நீங்கள் தோட்டத்திலிருந்து, சைதூன் அக்கா இல்லையே, என்ன செய்ய என்று குரல் கொடுத்தீர்கள். நான் என்ன சொன்னேன்? "ஏட்டி, இங்கன நின்னு என் உசிரை வாங்காத. போ, போயி அப்பாகூட நின்னு அந்த ஜாமீன் சொல்லைச் சொல்லு" என்றேன். எப்படிச் சொல்லவேண்டும் என்றும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ரெண்டு தடவை சொல்லவைத்து, சரியாகச் சொல்லுகிறாளா என்று பார்த்து அனுப்பினேன். வீட்டு ஆள் நிற்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன். அந்த நேரத்தில் எனக்கு அவள் அடுக்களையை விட்டுப் போனால் போதும்.

நீங்கள் சிரித்தீர்கள் என்று எழுதினேன். நானும் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தேன்.

மூளைக் காய்ச்சல்தான் என்று பகலில் தெரிகிறது. விளக்கு வைத்த பிறகு தெரியவில்லை. நீங்கள் ஒவ்வொரு கடிதம் எழுதும்போதும், அனுப்பியது நீதானே என்று ஒரு வரி இருக்கும் என்று பயந்துகொண்டே பிரிப்பேன். இருக்காது. பிரிக்காமல் வைத்ததும் அந்தப் பயத்தில்தான். நீங்கள் அதை ஒரு தடவை எழுதியிருந்தால் உங்களோடு மல்லுக்கு நின்றிருப்பேன், அழுதிருப்பேன், அது முடிந்திருக்கும். நீங்கள் எழுதவேயில்லை. உங்களுக்கு ஞாபகம் இல்லையா, இல்லை எனக்காக விட்டுவிட்டீர்களா?

மரத்தை வெட்டவேண்டாம். நான் விசுவுக்கு வருகிறேன். அவள் ஜாமீன் நின்ற மரம் பூத்து எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்க்கவேண்டும். அப்புறம் அங்கேயே இருந்துவிடுகிறேனா என்பதை அன்றைக்குச் சொல்லுகிறேன்.

வடிவு


இலஞ்சி,
15.3.80

வடிவு,

எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அடுக்களை ஜன்னல் திறந்திருந்தது, நீ சொல்லிக்கொடுத்தது எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டுதான் கோடாரியை எடுத்தேன். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அதனால் உன்மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

மொக்கு விட ஆரம்பித்திருக்கிறது. படலுக்குப் புதுக் கயிறு கட்டினேன், கிணற்றடியை வழுக்காமல் தேய்த்துவிட்டேன். விசுவன்று தென்காசி பஸ் ஸ்டாண்டில் எட்டு மணியிலிருந்து சைக்கிளோடு நிற்பேன். எந்த பஸ் ஆனாலும் வா.

சொரிமுத்து


சுரண்டை,
20.4.80

அத்தானுக்கு,

விசுவன்று சாயங்காலம் பஸ் ஏற்றிவிடும்போது, துணிமணி எடுத்துக்கொண்டு புதன்கிழமை வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். புதன் போய் இன்றைக்கு ஞாயிறு. நீங்கள் புதன்கிழமை எத்தனை பஸ்ஸைப் பார்த்தீர்களோ தெரியாது. ஆனாலும் நான் வரமாட்டேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்மேல் பழி வைக்காதவர், உங்களிடம் மறைக்கக் கூடாது.

படலைத் திறந்து உள்ளே வந்தேன். மரத்தைப் பார்த்ததும் அழுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. அவ்வளவு பூ. அடிமரம்கூடத் தெரியாமல் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டு, வெயில் பட்டு, அதற்குள்ளே வண்டு இரைந்துகொண்டு. என்னை அறியாமல் "எம்மா" என்றேன். நீங்கள் கட்டிலைத் தட்டிப் போட்டீர்கள். உட்கார்ந்தோம். நீங்கள் மொழியைப் பற்றி ஏதோ ஆரம்பித்தீர்கள், நான் இப்போது வேண்டாம் என்றேன். அப்புறம் பாங்கு மேனேஜர் உங்கள் துப்பாக்கியைத் தூக்கிப் பார்க்கிறேன் என்று வாங்கிக் காலில் போட்டுக்கொண்ட கதையைச் சொன்னீர்கள். ரொம்ப மரியாதையாக, ரிப்போர்ட் கொடுக்கிற மாதிரி சொன்னீர்கள். சொல்லும்போதே மேலிருந்து ஒரு சரம் விழுந்து உங்கள் வழுக்கையில் உட்கார்ந்து காதுப்பக்கம் தொங்கியது. உங்களுக்குத் தெரியவில்லை. வட்டலப்பம் கொண்டுவந்த சைதூன் அக்கா பார்த்துவிட்டு, "ஏட்டி வடிவு, மாப்பிள்ளைக்கு மறுபடியும் கல்யாணம் வச்சிருக்கு பாரு" என்றாள். நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வர, விலா வலிக்கச் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். வட்டலப்பம் இனித்தது. ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் எனக்கு நாக்கில் ருசி தெரிந்தது.

பஸ் பாவூர்சத்திரத்தில் நின்றது. மேலே வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் நான் சிரித்த முகமாகத்தான் இருந்திருக்கிறேன், பக்கத்தில் இருந்த நூர்நிஷா என்கிற பெண் "எந்த ஊருக்குக் கல்யாணத்துக்குப் போய்ட்டு வாரிய" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் எனக்குச் சுரீரென்றது. அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரமும் நான் அவளை நினைக்கவில்லை. வேறு எங்கேயாவது என்றால் பரவாயில்லை. அவள் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற மரத்தடியில்.

பயந்துபோய், கண்ணை மூடி அவள் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தேன். வந்தது. காதுக்குக் கீழே அந்த மச்சம் இருக்குமே, அது எந்தக் காது? வலதா இடதா? எனக்குத் தெரியவில்லை அத்தான். தலை பின்னிவிட்ட கை இது. சுரண்டை வந்து சேருகிறவரை யோசித்தேன், தெரியவில்லை. மதினியிடம் கேட்க வெட்கமாக இருந்தது. பெற்றவள் போய் இதை யாரிடம் கேட்பாள்?

அந்த வீட்டில் இருந்தால் எனக்கு நன்றாக இருக்கும். அதுதான் பயம். இந்த வருஷம் மச்சம் போயிற்று, அடுத்த பங்குனியில் குரல் போகும். இங்கே இந்தக் கத்தரியும் பீடித்தட்டுமாக, ருசி இல்லாமல் இருந்தால் அவள் என் பக்கத்தை விட்டுப் போகமாட்டாள். அவளை ஒரு தடவை என் வசதிக்காக அடுக்களையிலிருந்து விரட்டினேன். இன்னொரு தடவை விரட்டமாட்டேன்.

மரத்தை வெட்டாதீர்கள். வெட்டினாலும் நான் வரப்போவதில்லை. உங்கள்மேல் கோபம் இல்லை. நீங்கள் பாருங்கள், உங்களால் பார்க்கவும் முடிகிறது, அவளை வைத்துக்கொள்ளவும் முடிகிறது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வடிவு


இலஞ்சி,
13.4.81

அன்புள்ள வடிவுக்கு,

இடது காது என்று போன வருஷம் உன் கடிதம் வந்த அன்றைக்கே ஒரு கார்டு போட்டேன். அது கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான்கு தடவை சுரண்டைக்கு வந்தேன். இப்போதெல்லாம் நீ உள்ளறையில் இருப்பதில்லை. வெளியே வருகிறாய், காப்பி ஆற்றித் தருகிறாய், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாய், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஞாபகப்படுத்துகிறாய். விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி ஒழுங்காகப் பேசுகிறாய். உள்ளறையில் கத்தரிச் சத்தத்தோடு இருந்தாயே, அப்போதாவது எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. கோபத்தில் இருக்கிறவள் ஒருநாள் இறங்கி வருவாள் என்று நினைத்தேன். இப்போது உனக்குக் கோபமே இல்லை.

நீ எழுதினது தப்பு என்று சொல்ல நான் நாலைந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்று மணி நேரம் சிரித்தால் பிள்ளை போய்விடமாட்டாள் என்று எழுதினேன். எழுதி முடித்துவிட்டு எனக்கே ஒரு சந்தேகம். போய்விடமாட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் தினம் அந்த மரத்தடியில்தான் உட்கார்ந்தேன். எனக்கு அவள் போகவில்லை. உனக்குப் போகிறாள் என்றால், உனக்குப் போகிறாள். இதில் நான் என்ன சொல்ல.

ஒன்று மட்டும் மனசை அறுக்கிறது. முதல் வருஷம், மொக்கு விரியும் முன்னால் வெட்டு, அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று சத்தியம் பண்ணி எழுதினாய். அன்றைக்கு நான் வெட்டியிருந்தால் நீ வந்திருப்பாய். சண்டை போட்டுக்கொண்டு, அழுதுகொண்டு, ருசியில்லாமல் தின்றுகொண்டு இருவரும் ஒரே வீட்டில் இருந்திருப்போம். நான் செத்தவள் வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று நின்றேன். உயிரோடு இருக்கிறவள் கேட்டதைச் செய்யவில்லை. செய்யலாம் என்று வந்தபோது நேரம் கடந்துவிட்டது. இந்தக் கணக்கு எத்தனை தடவை போட்டாலும் விடை ஒன்றாகத்தான் வருகிறது.

இந்த வருஷமும் பூத்திருக்கிறது. போன வருஷத்தைவிட அதிகம். நான் கட்டிலைக் கிணற்றுப்பக்கம் மாற்றிப் போட்டுவிட்டேன். பார்க்கக் கூடாது என்று இல்லை. பார்த்தால் நன்றாக இருக்கிறது என்று தோன்றுகிறது, உடனே அதை உனக்கு எழுதவேண்டும் என்று கை போகிறது. எழுதினால் உனக்கு அது விஷம். ஆகவே பார்ப்பதை நிறுத்திவிட்டேன். சாயங்காலம் அந்த ஒரு மணி நேரத்தை எப்படிப் போக்குவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

இனி வா என்று எழுதமாட்டேன். நீயும் ஒவ்வொரு பங்குனியிலும் தபால்காரரைப் பார்த்துப் பயப்படவேண்டாம்.

தெருவில் போகிறவர்கள் எல்லாம் படலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். நேற்று ஒரு அம்மா, வடகரைப் பக்கத்து ஆள் போல இருக்கிறது, விசுக்கனிக்கு ஒரு கொத்து ஒடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு உள்ளே வந்தாள். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மடி நிறைய ஒடித்தாள். முற்றம் கூட்டாமல் கிடப்பதைப் பார்த்திருக்கவேண்டும், "வீட்டுல பொம்பளையாளு இல்லையா அண்ணாச்சி" என்று கேட்டாள். இரண்டரை வருஷமாக யார் கேட்டாலும், அண்ணன் ஊருக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று, இல்லை என்று சொல்லிவிட்டேன்.

சொரிமுத்து